தூரத்துக்காரர் பிடிக்கும் கொடி

பிராச் தீவின் தென்கரையில் இருக்கிற ஸ்டோமொரினா ஊரில் மரியாதையைக் கிலோமீட்டரில் அளப்பார்கள். உள்ளூரில் கிடந்து உழைத்தவனுக்கு உட்கார முக்காலி கூடக் கிடையாது. நூறு வருடத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறியவனின் பேரன் வந்தால் மட்டும் ஊரே எழுந்து நிற்கும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. திராட்சைக் கொடியில் பூச்சி விழுந்த காலத்தில் பாதி ஊர் கடல் கடந்து போனது. மீதி ஊர் அவர்கள் அனுப்பிய காசில்தான் கூரை போட்டது, கோயில் மணி வாங்கியது. கொடுத்த கையைக் கும்பிடுவது நல்ல பழக்கம்தானே. கும்பிட்டுக் கும்பிட்டு நிமிர மறந்துபோனதுதான் கொஞ்சம் பிசகு.

ஆகஸ்டில் புனித ரோக்கு திருநாள் வரும். தொடையில் புண்ணும் காலடியில் நாயுமாக நிற்கிற ரோக்கு சாமியின் சுரூபத்தை நான்கு பேர் தோளில் தூக்கிப் பவனி போவார்கள். முன்னால் சிவப்புப் பட்டுக் கொடி. அந்த வருடம் யார் மிகத் தொலைவிலிருந்து வந்திருக்கிறாரோ அவர்தான் கொடி பிடிக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். கொடி பிடித்தவர் எந்த வீட்டில் தங்கியிருக்கிறாரோ அந்த வீட்டு வாசலில் பவனி நிற்கும். சுரூபத்தை இறக்கி, வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்து, சாமியார் சுவிசேஷம் வாசித்துத் தீர்த்தம் தெளிப்பார். இரண்டாவது தூரத்துக்காரர் கொடியின் குஞ்சக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்க வேண்டும். குஞ்சம் பிடித்தவரின் பெயரை மறுநாள் யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

கப்பல் காலத்தில் இதில் சண்டை வந்ததே இல்லை. யார் அதிக நாள் கடலில் கிடந்தாரோ அவர்தான் அதிக தூரத்திலிருந்து வந்தவர். தூரமும் நேரமும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒன்றாகவே வந்து ஒன்றாகவே போயின. விமானம் வந்துதான் அந்தக் குடும்பத்தைப் பிரித்தது.

இந்தப் பவனி ஒரே ஒரு தடவை தன் வாசலில் நிற்க வேண்டும் என்பது பெரினாவின் ஆசை. அவளுக்காக இல்லை, அவள் புருஷன் யாக்கோவுக்காக.

யாக்கோவ் முப்பது வருடம் தீவின் பேருந்தை ஓட்டியவர். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று வருடமாக மாடி அறையில் கிடக்கிறார். அந்த வீட்டு மாடிப்படி தொண்டைக்குழி மாதிரி குறுகல். நாலு ஆம்பிளைகள் சேர்ந்தால் கீழே இறக்கிவிடலாம் என்று ஊர்க்காரர்கள் வருடாவருடம் சொல்வார்கள், வருடாவருடம் மறந்துபோவார்கள். ஒரு வருடம் மறக்காமல் வந்தபோது அவரே திருப்பி அனுப்பிவிட்டார். "வீட்டுலேருந்து நாலு பேர் தூக்கிட்டுப் போறது ஒரு மனுஷனுக்கு ஒரு தடவைதான். அதை இப்பவே செலவழிக்க மாட்டேன்" என்றார்.

அவர் ஜன்னல் கடலைப் பார்த்தது. கோயிலிலிருந்து வரும் கல்சந்து வீட்டுக்குப் பின்னால் இறங்கி, மூலையில் திரும்பி, ஜன்னலுக்கு நேர் கீழே துறைமுகத்தை நோக்கிச் சரியும். ஆகவே பவனி போகும்போது அவருக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள். மூன்று வருடமாக ரோக்கு சாமியின் முதுகையும், சாமிக்குப் பின்னால் போகும் ஊரின் முதுகையும் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுத்துவிட்டது. போன வருடம் பவனி முடிந்து பெரினா மேலே வந்தபோது சொன்னார்: "முப்பது வருஷம் கண்ணாடியில இவங்க மூஞ்சியப் பார்த்தே வண்டி ஓட்டினேன். இப்ப பொடனியா காட்டிட்டுப் போறாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. பெரினா அதைக் கவனித்தாள். அவள் எதையும் கவனித்தால் அதோடு விடுகிறவள் இல்லை.

யாக்கோவின் சித்தப்பா மகன் பாரிஷா பத்தொன்பது வயதில் நியூசிலாந்துக்குப் போனவன். ஆக்லாந்தில் வீடுகளுக்கு ஓடு போடும் தொழில் செய்து பெரிய ஆளாகிவிட்டான். ஊருக்கு வந்தால் துறைமுகத்தில் இருக்கிற ஸ்பீரோவின் விடுதியில்தான் தங்குவான். ஸ்பீரோ அறை வாடகைக்கு விடுகிறவர், திருநாள் கமிட்டிக்குத் தலைவரும் அவரே. இதனால் ரோக்கு சாமி பெரும்பாலும் ஸ்பீரோவின் வாசலைத்தான் பார்க்க நேர்ந்தது. வெளிநாட்டுப் பயணிகள் பால்கனியில் நின்று படம் எடுப்பார்கள். அடுத்த வருடத்து அறைகள் அன்றே நிரம்பிவிடும்.

இந்தத் தடவை பெரினா வசந்த காலத்திலேயே பாரிஷாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். அண்ணன் கிடக்கிறார், நீ விடுதிக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று அழுதாள். பாதி நிஜ அழுகை, பாதி தேவைக்கு அழுதது. அவன் சரி என்றுவிட்டான். நல்ல மெத்தை இருந்த தன் அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அடுப்படி பெஞ்சில் அவள் படுத்துக்கொண்டாள்.

பாரிஷா வந்து சேர்ந்த நாளிலிருந்து தூரத்தைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. "நான் இருக்கிறது பூமிக்கு அடிப்பக்கம் மதினி. நீங்க இங்க ஒரு கடப்பாரையைப் போட்டா எங்க வீட்டுக் கோழிக்கூண்டு பக்கம் வந்து எட்டிப் பார்க்கும்" என்றான். தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஸ்ப்ளிட் விமான நிலையத்துக்கும் ஆக்லாந்துக்கும் நடுவே பதினெட்டாயிரம் கிலோமீட்டர் என்பதை, உப்பு போதுமா என்று கேட்டால்கூட பதிலாகச் சொன்னான். காபி சரியில்லை, தலையணை சரியில்லை, பூனைகள் அதிகம் என்றும் சொன்னான். பெரினா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பதினெட்டாயிரத்துக்காக ஒரு பெண்பிள்ளை எவ்வளவோ பொறுத்துக்கொள்ளலாம்.

காபிக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டு அவன் இன்னொன்றும் சொன்னான். அதுதான் வினையாகப் போயிற்று. முன்வரிசையில் கட்டில் மாதிரி சாயும் இருக்கை எடுத்திருந்தானாம். "காலை நீட்டிப் படுத்தேன், கண்ணைத் தொறந்தா வளைகுடா. இன்னொரு வாட்டி கண்ணை மூடினேன், ஸ்ப்ளிட்" என்றான். ஸ்பீரோ அடுத்த மேசையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ரமீரோ வந்து இறங்கினார். சிலி நாட்டின் தெற்குக் கோடியில், அதற்கு அப்பால் பனியும் பெங்குவினும்தான் என்கிற பூந்தா அரேனாஸ் நகரத்துக்காரர். இந்த ஊரிலிருந்து அவருடைய தாத்தாவின் அப்பா போனார். ரமீரோ இங்கே கால் வைப்பது இதுதான் முதல் தடவை. ஆனாலும் ஊர்ப் பேச்சு பேசினார், அதுவும் அந்தக் கிழவர் கப்பலில் ஏறியபோது கொண்டுபோன பேச்சு. இங்கே யாரும் இப்போது அப்படிப் பேசுவதில்லை. அவர் வாயைத் திறந்தால் கல்லறைத் தோட்டத்திலிருந்து யாரோ எழுந்து வந்து சுருட்டுக்கு நெருப்பு கேட்பது போல இருந்தது. கிழவிகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் ஸ்பீரோவின் விடுதியில் தங்கினார்.

பெரினாவுக்கு முதலில் பயமில்லை. ஸ்ப்ளிட்டுக்கும் பூந்தா அரேனாஸுக்கும் பதின்மூவாயிரத்து ஐந்நூறுதான் என்று பாரிஷா செல்போனில் தேடிக் காட்டினான். "நாலாயிரத்து ஐந்நூறு வித்தியாசம் மதினி. அந்த ஆளு எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி" என்று தள்ளிவிட்டுத் தூங்கப் போனான். பகலிலெல்லாம் தூங்கினான். அவன் உடம்பு இன்னும் ஆக்லாந்தில்தான் இருந்தது.

மாதா விண்ணேற்புத் திருநாள் சாயந்திரப் பூசை முடிந்து, கோயில் மன்றத்தில் கமிட்டி கூடியது. மறுநாள்தான் ரோக்கு திருநாள். பாரிஷா வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தான். பெரினா காபி கொடுக்கப் போயிருந்தாள். மேசையின் மேல் இரண்டு பயணச்சீட்டுகள் கிடந்தன. பாரிஷாவின் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். பதிவுக்கு வேண்டும் என்று ஸ்பீரோ கேட்டபோது, தூரம் எழுதிய தாள்தானே என்று பெருமையாகவே கொடுத்திருந்தாள்.

ஸ்பீரோ தொண்டையைச் செருமினார். காலம் மாறிவிட்டது என்றார். நம் முன்னோர்கள் கொடியைக் கொடுத்தது தூரத்துக்கா, இல்லை அந்தத் தூரத்தில் பட்ட பாட்டுக்கா என்று கேட்டார். "கிலோமீட்டரால களைக்கிறது விமானம். மனுஷன் களைக்கிறது மணிக்கணக்கால. படுத்துத் தூங்கிட்டு வந்தவனுக்கும், சாந்தியாகோ விமான நிலையத்துல இரும்பு பெஞ்சில உக்காந்து முழிச்சிட்டு வந்தவருக்கும் ஒரே நியாயமா?"

கமிட்டியில் மற்ற மூன்று பேரும் யோசித்தார்கள். யோசித்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒருவர் ஸ்பீரோவின் மைத்துனர், ஒருவர் அவருடைய படகை வாடகைக்கு ஓட்டுகிறவர். மூன்றாமவருக்குக் காது மந்தம். நேரம்தான் சரியான அளவு என்று நால்வரும் ஒத்துக்கொண்டார்கள். ஸ்பீரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டுகளைப் படித்தார். பாரிஷா ஆக்லாந்தில் புறப்பட்டது பிற்பகல் மூன்று மணி, ஸ்ப்ளிட்டில் இறங்கியது மறுநாள் காலை எட்டு. பதினேழு மணி நேரம். ரமீரோ புறப்பட்டது காலை ஆறு, இறங்கியது மறுநாள் பிற்பகல் ஒன்று. முப்பத்தொரு மணி நேரம்.

"கிட்டத்தட்ட ரெட்டிப்பு" என்றார் மைத்துனர், யாரோ இறந்துபோன மாதிரி குரலைத் தாழ்த்தி.

ஃபிரானே சாமியார் அன்று காலையிலிருந்து மூன்று ஊர்களில் பூசை வைத்துவிட்டு வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்தபடி, சரி சரி, சீக்கிரம் முடியுங்கள் என்றார். கொடி ரமீரோவுக்கு, குஞ்சம் பாரிஷாவுக்கு என்று முடிவாயிற்று. பெரினா காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கோப்பை கைதவறி விழுந்து உடைந்தது. வேண்டுமென்று போட்டதில்லை என்று சொல்லத்தான் ஆசை.

வீட்டுக்கு வந்து பாரிஷாவிடம் நேரக் கணக்கில் தோற்றுவிட்டாய் என்று சொன்னபோது, அவன் கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். சண்டை போடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். ஆனால் காபிக்கடையில் அவனே தன் வாயால் சொன்னதாயிற்றே. சுகமாக வந்தேன் என்று ஊரெல்லாம் அடித்த தம்பட்டத்தை எப்படித் திருப்பி அடிப்பது? அந்த ஆள் பெஞ்சில் விழித்துக் கிடந்தானாம், பாவம், போகட்டும் என்று பெருந்தன்மையாக முனகிவிட்டு, அத்திப்பழ ஜாம் இருக்கிறதா என்று கேட்டான். பெரினாவுக்கு அவனை அப்படியே கடப்பாரை போட்ட குழி வழியாக ஆக்லாந்துக்கு அனுப்பிவிடலாமா என்று இருந்தது.

யாக்கோவிடம் அவள் சொல்லத் தயங்கினாள். அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அந்த ஊரில் மாடியில் கிடப்பவருக்குத்தான் எல்லாச் செய்தியும் முதலில் போகும். "விடு பெரினா" என்றார். "முதுகுலயும் ஒரு அழகு இருக்கு. ஸ்பீரோவுக்கு முன்பக்கத்தைவிட அதுதான் தேவலை." அன்றும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

திருநாள் காலை. பெரினா ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். பாரிஷாவின் செல்போன் அடித்தது. அவன் பெண்டாட்டி முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஜன்னல் கருப்பாக இருந்தது, விளக்கு எரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே பேசினாள். பேச்சு முடிந்ததும் பெரினா கேட்டாள், அங்கே இப்போது இருட்டா என்று.

"உங்களுக்குப் பத்து மணி நேரம் முன்னாலதான் நாங்க" என்றான் பாரிஷா, வாய் நிறைய ஜாமோடு. "உலகத்துலயே முதல்ல எந்திரிக்கிறது நாங்கதான் மதினி."

ரொட்டி வெட்டிய கத்தி நின்றது. அவன் புறப்பட்ட மூன்று மணி யாருடைய மூன்று மணி? இறங்கிய எட்டு மணி யாருடைய எட்டு மணி? ஒரு முனையில் அவன் கடிகாரம், மறுமுனையில் நம் கடிகாரம். ஒரே துணியை இரண்டு முழக்கோலால் அளந்துவிட்டு ஸ்பீரோ விலை சொல்லியிருக்கிறார். சரியான கணக்கு என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டுவதா கழிப்பதா என்பதிலேயே அவளுக்குக் குழப்பம். ஆனால் கணக்கு தப்பு என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. தீ வைக்க அவ்வளவு தெரிந்தால் போதும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இப்போது சொன்னால் பாரிஷா நேரே கோயிலுக்கு ஓடுவான். பூசைக்கு முன்னாலேயே நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். மணியும் வேண்டாம், கிலோமீட்டரும் வேண்டாம், யார் பேச்சு பழைய பேச்சோ அவருக்குத்தான் கொடி என்று ஸ்பீரோ புது நியாயம் கண்டுபிடிப்பார். நியாயத்துக்கா அந்த ஊரில் பஞ்சம்.

இன்னும் ஒரு துண்டு ரொட்டியை வெட்டி அவன் தட்டில் வைத்தாள். பிறகு மாடிக்குப் போய் யாக்கோவுக்கு முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து ஜன்னலோரம் நிமிர்த்தி உட்கார வைத்தாள். "முதுகைப் பார்க்க இவ்வளவு சிங்காரமா?" என்று கேட்டார் அவர். அவள் ஜன்னல் கதவை நன்றாகத் திறந்து கொக்கி மாட்டினாள்.

பவனி புறப்பட்டபோது வெயில் கொதித்தது. முன்னால் ரமீரோ கொடியோடு, கண்ணில் நீரோடு, தன் தாத்தாவின் அப்பா நடந்த கல்லில் நடக்கிறார். அவர் உண்மையிலேயே நல்ல மனுஷர்தான். பக்கத்தில் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு பாரிஷா, கயிற்றில் கட்டிய கன்று மாதிரி. பின்னால் பாண்டு வாத்தியம், அதற்குப் பின்னால் சுரூபம், சாமியார், ஊர். பெண்கள் கடைசியில்தான் வருவது வழக்கம். பெரினா அன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொண்டே வந்தாள். யாரையோ விசாரிப்பது போல, செருப்பு வாரைச் சரிசெய்வது போல. தன் வீட்டுப் பின்சுவர் வந்தபோது பாரிஷாவின் தோளுக்கு வந்துவிட்டாள். கொடி மூலையைத் திரும்பி ஜன்னலுக்குக் கீழே இறங்கியது. அப்போது கேட்டாள், காதோடு காதாக.

"ஏந் தம்பி, ஒரு சந்தேகம். நீ பதினேழு மணி நேரத்துலயா வந்தே?"

"யார் சொன்னது பதினேழு?"

"ஸ்பீரோ. உன் சீட்டுல மூணு மணின்னு போட்டிருக்காம், எட்டு மணின்னு போட்டிருக்காம். எண்ணிச் சொன்னாரு."

பாரிஷா அப்படியே நின்றான். கையில் குஞ்சக் கயிறு இருந்தது அவனுக்கு மறந்துபோயிற்று. கொடி பின்பக்கமாக இழுபட்டு, கொடிக்கம்பம் ரமீரோவின் நெற்றியில் தட்டியது. பாண்டுக்காரர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் மோதினார்கள். டிரம் அடிக்கிறவன் மட்டும் நிறுத்தவில்லை. அவன் எப்போதும் கடைசியாகத்தான் விஷயம் தெரிந்துகொள்வான்.

"யோவ் ஸ்பீரோ" என்று கத்தினான் பாரிஷா. "மூணு மணி எங்க ஊர் மணி. எட்டு மணி உங்க ஊர் மணி. நடுவுல பத்து மணி நேரத்தை எவன்யா தின்னான்?"

சுரூபம் தூக்கி வந்த நாலு பேரும் அந்த இறக்கத்தில் தோளில் பாரத்தோடு நின்றார்கள். எங்காவது இறக்கியாக வேண்டும். அந்தச் சந்தில் சமதளம் என்று சொல்ல பெரினாவின் வாசலுக்கு முன்னால் ஒரு பாய் அகலம்தான் உண்டு. அதிலும் சுரூபம் சாயாமல் இருக்க வேண்டுமானால் கடல் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் முதுகைச் சார்த்தியே வைத்தாக வேண்டும். அப்படித்தான் வைத்தார்கள். ரோக்கு சாமி, புண்ணும் நாயுமாக, பெரினாவின் வீட்டை நேராகப் பார்த்தார்.

ஸ்பீரோ சட்டைப் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து, செல்போனில் மறுபடி தட்டினார். பாரிஷாவுக்குப் பத்தைக் கூட்டினால் இருபத்தேழு. ரமீரோவின் ஊர் நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால், அதைக் கழித்தால் இருபத்தாறு. எத்தனை தடவை தட்டினாலும் அந்தப் பாழாய்ப்போன இயந்திரம் அதையே சொன்னது.

ஒரு மணி நேரம் அதிகம், கொடியைக் கொடு என்றான் பாரிஷா. ரமீரோ கம்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்த மனுஷர், மதரீத்தில் விமானத்துக்குள் உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கதவை மூடியே வைத்திருந்தார்கள், அது சீட்டில் இல்லை, அதையும் சேர்க்க வேண்டும் என்றார். அப்படியானால் தான் படகைத் தவறவிட்டு ஸ்ப்ளிட்டில் காத்துக் கிடந்ததையும் சேர்க்க வேண்டும் என்றான் பாரிஷா. நீர் படகைத் தவறவிட்டது மதுக்கடையில் உட்கார்ந்திருந்ததால் என்று ரமீரோ நூறு வருடத்துப் பழைய பேச்சில் சொன்னார். அதில் ஒரு வசவும் இருந்தது. அதைக் கேட்டுப் பல வருடமாயிற்றே என்று ஒரு கிழவி பூரித்துப்போனாள்.

பாண்டு மாஸ்டருக்கு வசவு சாமியார் காதில் விழக்கூடாதே என்று கவலை. மறுபடி வாசிக்கச் சொன்னார். அவர்களுக்குத் தெரிந்தது மூன்று பாட்டு. மூன்றையும் வாசித்து முடித்து முதலிலிருந்து தொடங்கினார்கள். மூலைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. தள்ளினார்கள், எட்டிப் பார்த்தார்கள். சந்து அடைத்துக்கொண்டது.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. உரத்த குரல்கூட இல்லை. முப்பது வருடம் பழகிய குரல்.

"உள்ள போங்க, உள்ள போங்க. முன்னால எடம் காலியாக் கெடக்கு. பின்னால ஆள் நிக்குதுல்ல."

ஊரே உள்ளே போயிற்று. யாரும் யோசிக்கவில்லை, கால்கள் தாமாகவே கீழ்ப்படிந்தன. மூலைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி முன்னால் வந்தார்கள். முன்னால் போயிருந்தவர்கள் திரும்பி வந்து சுவரோரம் சாய்ந்தார்கள். குழந்தைகளை முன்னால் விட்டார்கள். குண்டு மனுஷி ஒருத்தி பிடித்துக்கொள்ள மேலே கம்பி தேடினாள். பிறகுதான் ஒவ்வொருவராக நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் யாக்கோவ் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, இடமிருந்து வலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல்.

"மாட்டே, தலையில இருந்ததையெல்லாம் எங்கடா தொலைச்சே?" என்றார். "ஏ ஜோர்ஜினா, உன் மகளா அது? உன்னை மாதிரியே மொறைக்குதே." கீழேயிருந்து பதில் வந்தது, சிரிப்பு வந்தது, எப்படி இருக்கிறீர்கள் என்று மூன்று வருடமாகக் கேட்காமல் விட்டதை நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கொஞ்சம் வெட்கத்தோடுதான் கேட்டார்கள். வெட்கப்படட்டும், அது உடம்புக்கு நல்லது.

ஃபிரானே சாமியாரின் அங்கி முதுகோடு ஒட்டியிருந்தது. இருபத்தாறா இருபத்தேழா என்று இன்னும் கத்திக்கொண்டிருந்த இரண்டு பேரையும் பார்த்தார், இறக்கி வைத்திருந்த சுரூபத்தைப் பார்த்தார், மேலே ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் இந்த வீட்டு மாடிப்படி தெரியும், மாதம் ஒரு தடவை யாக்கோவுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்தானே. "சாமி இறங்கியாச்சு" என்றார். "இறங்கின எடத்துல சுவிசேஷம் வாசிக்கணும். வாயை மூடுங்க எல்லாரும்."

ஸ்பீரோ ஓடிவந்தார். பவனி தன் வீட்டில் நிற்க வேண்டியது, அங்கே விருந்தாளிகள் எல்லாம் பால்கனியில் காத்திருக்கிறார்கள் என்றார்.

"அவங்களும் வந்த தூரத்துக்குக் கொஞ்சம் களைக்கட்டும் ஸ்பீரோ" என்றார் சாமியார்.

சுவிசேஷம் வாசித்தார். தீர்த்தத்தை மேலே வீசினார். மாடி உயரம், கை எட்டவில்லை, போன தண்ணீரில் முக்கால்வாசி திரும்பி ஸ்பீரோவின் வழுக்கையில் விழுந்தது. மறுபடி வீசினார். பெரினா சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். யாக்கோவ் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் மட்டும் அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

பிறகு பவனி புறப்பட்டது. கொடியை யாரும் விடவில்லை. கம்பத்தில் மேலே ரமீரோவின் கை, கீழே பாரிஷாவின் கை, பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி இரண்டு பேரும் இடித்துக்கொண்டே துறைமுகத்துக்கு இறங்கினார்கள். குஞ்சம் தரையில் இழுபட்டது. ஸ்பீரோவின் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பால்கனியில் ஈரத்துண்டு ஒன்று மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. விருந்தாளிகள் காத்துக் காத்துச் சலித்துக் குளிக்கக் கடலுக்குப் போய்விட்டார்கள். சாமியார் அங்கே நிற்காமலே திரும்பினார். ஒரு பவனிக்கு ஒரு நிறுத்தம்தான் என்றார்.

பெரினா துறைமுகம் வரைக்கும் போகவில்லை. தலைத்துணியை அவிழ்த்தபடி மாடி ஏறினாள். யாக்கோவ் இன்னும் ஜன்னலோரம்தான் இருந்தார். போய்க்கொண்டிருந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் வயசாயிடுச்சு பெரினா" என்றார்.

"உங்களுக்கு மட்டும் ஆகலையாக்கும்."

"எனக்கு ஆனது எனக்குத் தெரியும். அவங்களுக்கு ஆனதைத்தான் பார்க்க முடியாமக் கெடந்தேன்." பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "பாரிஷா காதுல நீ என்னமோ சொன்னியே, மேலேருந்து பார்த்தேன். என்ன சொன்னே?"

"மணி கேட்டேன்" என்றாள் பெரினா.

அவர் சிரிக்கத் தொடங்கினார். தலையணை ஒன்று நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு, பசிக்கிறது என்றார். தணல் சாம்பலுக்குள் சட்டியில் மூடி வைத்த பேய்க்கணவாய் மீன் கீழே வெந்துகொண்டிருந்தது. தூரத்துக்காரன் வந்தபிறகு சேர்ந்து சாப்பிடுவதா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். கீழே போய் இரண்டே தட்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.